மெத்தையில உக்காந்தவ

கொஞ்சம் மெதுவாப் பேசுங்க பாஸ்டர். பாபல்வா உள்ள மெத்தையில உக்காந்திருக்கா. ஆமா, நம்ம ஜனத்துல புருஷனப் பறிகொடுத்தவங்க துக்கத்துக்கு உக்கார்ற மெத்தைதான். வேற யாரு உக்காருவா? என் மக வுயிஸேகாவைக் கட்டினவ அவதானே.

சர்க்கார் பதிவு பண்ணிட்டா அது கல்யாணமாங்கறீங்க. சரி. கோமானி டவுன் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல அந்த ரெண்டு பொண்ணுங்களும் கையெழுத்துப் போட்டப்போ நானும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுதான் நின்னேன். எனக்கு அது இன்னிக்கும் முழுசா விளங்கல. கர்த்தர்கிட்ட இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். அங்க போய் நின்னதுக்கே சபை மாதர் சங்கத்துக்கு நான் போடற செவப்புச் சட்டையத் திருப்பிக் குடுன்னு ஆள் அனுப்புனீங்க. துவைச்சு மடிச்சுக் குடுத்தேன். சண்டை போட்டேனா?

அப்புறம்தான் என் புள்ளைக்கு மார்புல கட்டி வந்துச்சு. ஈரல் வரைக்கும் பரவிடுச்சு. சங்கத்துல ஒருத்தியும் வாசல் மிதிக்கல. இந்த பாபல்வாதான் பேட்டரி பேக்டரி வேலைய விட்டுட்டு, வாந்தி அள்ளி, முதுகு தேய்ச்சு, புளிச்ச சோளக் கஞ்சியக் கொஞ்சம் கொஞ்சமா ஊட்டினா. வுயிஸேகா சாகறப்போ கடைசியா கேட்டது என்ன தெரியுமா? அம்மா, என்ன அடக்கம் பண்றப்போ நம்ம சபைப் பாட்டுதான் பாடணும்னா. பாட்டுக் குழுவுல வளந்த புள்ளை. உங்க மேல அவளுக்கு வெறுப்பே இல்ல பாஸ்டர். அதனாலதான் உங்க வாசல்ல வந்து நின்னேன்.

நீங்க மூப்பர்களக் கூட்டிப் பேசிட்டுச் சொல்லி அனுப்புனீங்க. அடக்கம் பண்றோம், ஆனா பாபல்வா மெத்தையில உக்காரக் கூடாது, முதல் பிடி மண்ணு போடக் கூடாது, பேர் வாசிக்கறப்போ அவளத் தோழின்னுதான் வாசிப்போம்னு.

அவகிட்ட சொன்னேன். அழல. பிணவறையிலேர்ந்து உடம்ப வாங்க அவ கையெழுத்துதான் வேணும், சட்டம் அப்படி. நெனச்சிருந்தா அவ தன் சொந்த ஊருக்கே எடுத்துட்டுப் போயிருக்கலாம். போகல. அம்மா, நான் பின்னாடி ஓரமா நின்னுக்கறேன், அவ ஆசைப்பட்ட பாட்டு நடக்கட்டும்னா. அந்தப் பேச்சுதான் எனக்குத் தாங்கல.

என்னது? குடும்பத்துக்கு அடுத்த வரிசையில அவ உக்காரலாமா? அதுக்கு மூப்பர்கள் ஒத்துக்கிட்டாங்களா. ரொம்பப் பெரிய மனசு. இதச் சொல்லத்தான் டவுன்லேர்ந்து வந்தீங்களா, பாவம்.

நாளைக்குப் பாட்டுக்காரங்க எத்தன மணிக்கு வரணும்னு கேக்கறீங்க. யாரும் வர வேண்டாம். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லலையா? இன்னிக்குக் காலைலயே அடக்கம் பண்ணிட்டோம், மலைப்பக்கம் முனிசிபல் கல்லறையில. தெரு ஆம்பளைங்க குழி வெட்டினாங்க. முதல் மண்ணு பாபல்வா போட்டா. பாட்டு நான்தான் பாடினேன். ரெண்டாவது சரணம் மறந்து போச்சு, அதோட நிறுத்திட்டேன்.