பன்னிரண்டு வோல்ட் போதும்

சார்ஜர்களைப் பற்றிப் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் தெரியாது சார். அதில் தப்பில்லை. செருகினோமா, விளக்கு எரிந்ததா என்று போய்விடுவார்கள். நான் இருபத்திரண்டு வருடமாக லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், எனக்கு அது சோறு போடுகிற சங்கதி. நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். இன்று கடையைத் திறக்கவில்லை.

எல்லாம் தன் தப்புதான் என்று என் தம்பி உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறானாமே. அவன் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். சனி ஞாயிறானால் சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்துவிடுவான். ஏதாவது ஒரு விளக்கு மினுங்கினால் போதும், ஊரையே கூட்டுவான். அம்மாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. வீட்டில் அவன் சின்னவன், நான் பெரியவன். அம்மா இருப்பது என் வீட்டில்.

அம்மாவுக்குச் சர்க்கரை. நாலு வருடமாகக் காலில் உணர்ச்சி கிடையாது, ஊசியால் குத்தினாலும் தெரியாது. தினமும் காலையில் நான்தான் இரண்டு பாதத்தையும் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, வெதுவெதுப்பாக எண்ணெய் தேய்த்து, எங்காவது கீறல் இருக்கிறதா என்று பார்ப்பேன். "ஏன், நான் பாத்துக்க மாட்டேனா?" என்று என் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவள் நகத்தை ஒட்ட வெட்டிவிடுவாள், அதனால் விடுவதில்லை. நாலு வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை.

சின்னவன் மாதத்துக்கு ஒரு தடவை வருவான். கட்டிலில் உட்கார்ந்து கதையளப்பான், அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிடும். அப்படி வந்தபோதுதான் ஒரு நாள் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கால் இப்படி ஜில்லுனு இருக்கு? நான் கரண்ட்ல சூடாகுற ஒரு சின்ன மெத்தை செஞ்சு தரேன். கதகதன்னு இருக்கும்," என்றான். அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மாவுக்கு அதே பேச்சு.

"சின்னவனுக்குத்தான் என் மேல உசுரு."

நான் அப்போது அவள் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒழுங்காகத்தான் வெட்டி முடித்தேன்.

அந்த மெத்தையில் வைத்த சிப் விஷயத்துக்கு வருகிறேன். இந்த டைப்-சி சார்ஜர் எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கொட்டாது. ஐந்து வோல்ட் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். எதிர்ப்பக்கம் இருக்கிற சிப், எனக்கு இத்தனை வோல்ட் வேண்டும் என்று கேட்டால்தான் கூட்டிக் கொடுக்கும். மெத்தைக்கு வேண்டியது பன்னிரண்டு. சின்னவன் ஒரு சிப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு என்னிடம் காட்ட வந்தான். நல்ல சிப். பன்னிரண்டு என்று ஒரு தடவை அதில் பதிந்துவிட்டால், எந்தச் சார்ஜரைச் செருகினாலும் பன்னிரண்டுதான் கேட்கும். கிடைக்காவிட்டால் சும்மா இருந்துவிடும். பூகோள வாத்தியார் இவ்வளவு சரியாகத் தேர்ந்தெடுப்பான் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

"இதை உன்னால ஒட்டவே முடியாதுடா, முனையெல்லாம் கண்ணுக்கே தெரியாது," என்று சொல்லி, மேசை டிராயரிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன். அதில் எதையும் பதிய முடியாது. பக்கத்தில் ஒட்டுகிற ரெசிஸ்டர் என்கிற பொடிச் சாமானின் அளவைப் பார்த்துத்தான் எத்தனை வோல்ட் கேட்பது என்று முடிவு செய்யும். அந்த இடம் காலியாக இருந்தால் இருபது கேட்கும். விவரத்தாள் முழுக்கச் சீன மொழி. இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்கு அதிலுள்ள படமும் எண்ணும் போதும். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அண்ணே, இந்த எடத்துல என்ன போடணும்?"

"ஒண்ணும் போடாதே. காலியா விட்டா அதுவே பன்னண்டு கேக்கும்."

"நெஜமாவா?"

"உங்கிட்ட நான் எதுக்குடா பொய் சொல்லப்போறேன்."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து அவனுக்கு அண்ணன் சொன்னால் வேதவாக்கு. சூடு மிஞ்சினால் கரண்டை வெட்டுகிற ஃபியூஸ் ஒன்று வைக்கட்டுமா என்று மட்டும் கேட்டான். பன்னிரண்டு வோல்ட்டுக்கு அது எதற்கு, கெட்டுப்போக இன்னொரு சாமானா என்றேன். பன்னிரண்டு வோல்ட்டுக்கு அது தேவையில்லைதான் சார். அதில் நான் பொய் சொல்லவில்லை.

அவன் ஏனோதானோ என்று செய்ததாக எழுதிவிடாதீர்கள். ஒரு வாரம் தன் காலையே வைத்துச் சோதித்தான். தினமும் போன் பண்ணி, "மீட்டர்ல பன்னண்டுதாண்ணே காட்டுது," என்பான். காட்டத்தான் செய்யும். அவனிடம் இருந்த சார்ஜரின் உச்சமே பன்னிரண்டு. சிப் இருபது கேட்கும், அது இல்லையென்றால் இருப்பதில் பெரியதை வாங்கிக்கொள்ளும். எத்தனை தடவை அளந்தாலும் அவன் அதே சார்ஜரில்தான் அளப்பான் என்று எனக்குத் தெரியும். அதைக் கொடுத்ததே நான்தான்.

மெத்தை வந்து பத்து நாள் ஒரு குறையும் இல்லை. அந்தப் பத்து நாளில் மனம் மாறியிருக்கலாமே என்பீர்கள். மாறத்தான் பார்த்தேன். ஆனால் பத்தாம் நாள் காலையில் நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு போனபோது அம்மா என் கையைத் தள்ளிவிட்டாள்.

"இனிமே எண்ணெயெல்லாம் வேண்டாம் பெரியவனே. சின்னவன் செஞ்சதே எதமா இருக்கு."

"கால்லதான் உனக்கு ஒண்ணும் தெரியாதேம்மா."

"கால்ல தெரியலடா. மனசுக்குத் தெரியுது."

மறுநாள் மத்தியானம் அவள் சாப்பிட்டுப் படுத்ததும், அவன் சார்ஜரைக் கழற்றிவிட்டு என் கடை லேப்டாப் சார்ஜரைச் செருகினேன். இருபது வோல்ட். சூடு ஏறத்தாழ மூன்று மடங்கு. நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தேன். அக்கறை இல்லாதவனாக இருந்தால் எழுந்து போயிருப்பான். நான் ஒரு மணி நேரம் கூடவே இருந்தேன். நடுவில் அம்மா லேசாகக் கண் விழித்தாள்.

"கருகுற வாசனை வருதே, பெரியவனே."

"அடுப்படியிலம்மா. நான் பாத்துக்கறேன், நீ தூங்கு."

தூங்கிவிட்டாள். என் பேச்சை அவள் உடனே நம்பியது எனக்கு நிறைவாக இருந்தது. பிறகு பழைய சார்ஜரைச் செருகிவிட்டுக் கடைக்குப் போனேன். அரை மணி நேரத்தில் மனைவி அலறிக்கொண்டு போன் பண்ணினாள்.

பாதம் வெந்துபோயிருந்ததால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது கால் தூக்கத்தில் மெத்தையை விட்டு விலகியிருந்ததால் தப்பியது. சின்னவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நான்தான் முதுகைத் தடவி, "நீ வேணும்னேவா செஞ்சே? விடுடா," என்று தேற்றினேன். சால்டரிங் அயர்னைக் குப்பையில் போட்டுவிட்டான். அம்மா முகத்தில் விழிக்கவே மாட்டேன் என்றான். அத்தோடு எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நம்பினேன்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சின்னவன் எங்கடா?" என்பது. "பாவம்டா அவன். ஆசை ஆசையாச் செஞ்சான். அவன் மனசு ஒடஞ்சு போயிடும், வரச் சொல்லு." நேற்று அவன் வந்தான். மடியில் கிடத்தித் தலையைக் கோதிக் கொடுத்தாள். "கால்தானே, போனாப் போகுது," என்றாள். என் தலையை அவள் அப்படிக் கோதி எனக்கு ஞாபகமே இல்லை. நான் கீழே உட்கார்ந்து கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் வந்தேன். அவன் எழுதிக் கொடுத்ததைக் கிழித்துப் போடுங்கள். சிப்பைத் தேர்ந்தெடுத்தது நான், அந்த இடத்தைக் காலியாக விடச் சொன்னது நான், சார்ஜரை மாற்றியதும் நான். அவனுக்கு அவ்வளவு கூறு கிடையாது. இதை அம்மாவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள் சார். நான் சொன்னால், தம்பியைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள். முதலில் கோபம் வரும், வரட்டும். நாலு நாள் யோசித்தால் அவளுக்கே புரிந்துவிடும், தன் மேல் யாருக்கு உசுரு என்று.

கையெழுத்து எங்கே போடவேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டால் நல்லது. எண்ணெயைச் சுடவைத்துவிட்டு வந்திருக்கிறேன். இன்னொரு கால் இருக்கிறதே சார், அதை என்னைத் தவிர யார் பார்த்துக்கொள்வார்கள்.