ப்ரூவிட் அறையின் ஜன்னல்

பெயர்: வெர்னெல் பூத். வயது: ஐம்பத்தெட்டு. கணவர் பெயர்: டெல்மர் பூத். தொழில்: பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை. முகவரி: சைப்ரஸ் தெரு, ஹெரன் பாயிண்ட், மிசிசிப்பி மாநிலம்.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடன் வசித்து வருகிறேன். என் அக்காள் ஓடெட் லாட்னர் சென்ற வியாழக்கிழமை எங்கள் வீட்டில் இறந்து போனது சம்பந்தமாக, அவள் படுத்திருந்த அறையின் ஜன்னலை மூடியது யார் என்று இந்தப் போலீஸ் அலுவலகத்தில் என்னிடம் கேட்கப்பட்டது. என்னை யாரும் மிரட்டவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டாம் என்று ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டார், அவர் என் கணவர். அதையும் வரிசையாகவே சொல்கிறேன்.

என் கணவர் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் பிறந்து உலகமெல்லாம் பேர் வாங்கிய நாவலாசிரியர் ஏசா ப்ரூவிட்டின் புத்தகங்களையும், அவர் தொட்ட சாமான்களையும் சேர்ப்பதே அவருக்கு உயிர். ப்ரூவிட்டின் தொப்பி, மூக்குக் கண்ணாடி, பாதி பிடித்து அணைத்த சுருட்டு எல்லாம் எங்கள் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. முதல் நாவலின் முதல் பதிப்பு, மேலுறை கிழியாமல், பக்க ஓரங்கள் வெட்டப்படாமல் இருக்கிறது. வெட்டினால்தான் பிரித்துப் படிக்க முடியும், வெட்டினால் மதிப்புப் போய்விடும், ஆகவே அதை இன்றுவரை ஒருவரும் படித்ததில்லை. இவற்றுக்காகவே கார் ஷெட்டை ஒட்டிய அறையில் ஏசியும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரமும் வைத்திருக்கிறார். சுவரில் ஓர் ஈரமானி தொங்குகிறது. அதன் முள் ஐம்பதைத் தாண்டினால் அவருக்குச் சோறு இறங்காது.

என் அக்காள் அந்தச் சேகரத்தை என் மூத்தாள் என்றுதான் சொல்லுவாள். "மூத்தாள ஏசியில குடி வச்சிட்டு, எளையவள அடுப்படியில வேக விடுறீரே மாப்ளே" என்பாள். "மூத்தவளுக்கு வேர்த்தா மேலெல்லாம் மஞ்சப்புள்ளி விழுந்துரும், உன் தங்கச்சிக்கு என்ன விழப்போவுது" என்று அவரும் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

புயலில் அக்காளின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறிவிட்டதால் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு மருந்துப் பையும், தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில் வாங்கிய ப்ரூவிட் நாவலின் அட்டை போன மலிவுப் பதிப்பும் இருந்தன. ஊர் முழுக்க மின்சாரம் இல்லை. எங்கள் ஜெனரேட்டரை என் கணவர் புத்தக அறைக்கு மட்டும் இணைத்தார். குளிர்பெட்டியில் இருந்த இறாலும் கோழியும் நாறிப்போய் நான் தூக்கிக் கொட்டினேன். மழைக்கும் திருடர்களுக்கும் பயந்து அவர் ஜெனரேட்டரைக் கார் ஷெட்டுக்குள் வைத்தார். ஷெட்டுக்கும் புத்தக அறைக்கும் நடுவிலுள்ள கதவின் இடுக்கு வழியாகப் புகை உள்ளே வரும் என்று நான் சண்டை போட்டதன் பேரில் ஷெட் கதவைப் பாதி தூக்கி வைக்கச் சம்மதித்தார்.

அதன் பிறகு புழுக்கம் தாங்காமல் அக்காள் தவித்தாள். வீட்டில் குளிர்ச்சியான இடம் புத்தக அறை ஒன்றுதான் என்று நான் கெஞ்சி அங்கே ஒரு மடக்குக் கட்டில் போட வைத்தேன். தண்ணீர் பாட்டில் கொண்டு போகக் கூடாது, தின்பண்டம் கூடாது, ஜன்னலைத் தொடக் கூடாது என்று சொல்லித்தான் விட்டார். "மூத்தாள் புண்ணியத்துல எனக்கும் குளிர்காத்து" என்று சொல்லி அவள் படுத்தாள்.

வியாழக்கிழமை முற்பகலில் அவள் தலை பாரமாக இருக்கிறது, குமட்டுகிறது என்றாள். உடனே நான் அந்த அறையின் ஜன்னலை முழுவதும் திறந்துவிட்டு, ஷெட் கதவையும் இன்னும் மேலே தூக்கிவிட்டு, கூரைக்குத் தார்ப்பாய் அடிக்க ஏணியில் ஏறிக்கொண்டிருந்த என் கணவரிடம், "நான் ஐஸ் வாங்கிட்டு வர்ற வரைக்கும் ரெண்டும் தொறந்தே கெடக்கட்டும்" என்று சொன்னேன். அவர் சரி என்றார். அதன் பிறகு நான் தேவாலய மைதானத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். வரிசை நகரவே இல்லை.

திரும்பி வந்தபோது ஷெட் கதவு தரை வரை இறக்கப்பட்டிருந்தது. உள்ளே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. புத்தக அறை ஜன்னல் மூடப்பட்டு, இடுக்கு முழுவதும் உள்பக்கமாக அகல டேப் ஒட்டப்பட்டிருந்தது. கூரை மேல் என் கணவர் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. அக்காளின் முகம் நல்ல சிவப்பாக இருந்ததால் தூங்குகிறாள் என்று நினைத்து, ஐஸ் வந்திருக்கிறது என்று சொல்லி எழுப்பினேன். ஜெனரேட்டர் புகையில் செத்தவர்களின் முகம் அப்படித்தான் சிவந்திருக்கும் என்று பிறகுதான் சொன்னார்கள்.

அதன் பிறகு நான் போட்ட கூச்சலில் அவர் இறங்கி வந்தார். இருவருமாக அவளை முற்றத்துக்கு இழுத்துப் போட்டோம். போன் வேலை செய்யாததால் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸைத் தேடிப் போனார். நான் அக்காளின் நெஞ்சை அழுத்திக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் கவிழ்ந்து கிடந்த அவளுடைய நாவலை என் கணவர் எடுத்து, மடங்கிய பக்கத்தை நீவி, மூடி வைத்தார். அதன் பிறகு ஜன்னல் டேப்பை உரித்து உருண்டையாக்கிச் சமையலறைக் குப்பையில் போட்டார். நான் அழுத்துவதை நிறுத்தவில்லை.

அவளைக் கொண்டு போன பிறகு நான் கேட்டதற்கு அவர், "முள்ளு அறுபதத் தாண்டிருச்சு, வெர்னெல். அவ நல்லாத் தூங்கிட்டு இருந்தா. கொஞ்ச நேரந்தானேன்னு நெனச்சேன்" என்றார். ஷெட் கதவை ஏன் இறக்கினீர்கள் என்று கேட்டேன். ஈரக்காற்று அந்தப் பக்கமாகவும் வருகிறது என்றார். அதன் பிறகு, "கொசு கடிக்குதுன்னு அவளே மூடிக்கிட்டான்னு சொல்லிடு. அவளுக்கு இனிமே என்ன ஆகப்போவுது? ஜெயிலுக்குப் போறது நான்தானே" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. என் காச நோய்க் காலத்தில் எனக்கு முகம் கழுவி விட்டவர் அவர்தான். என் அக்காளைக் கொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அவளை நினைக்கவே இல்லை, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஜன்னலை மூடியவர் என் கணவர் டெல்மர் பூத். குப்பையிலிருந்து நான் எடுத்து வைத்த டேப் உருண்டையை இத்துடன் ஒப்படைக்கிறேன். எங்கள் ஜன்னலின் பச்சைப் பெயிண்ட் அதில் ஒட்டியிருக்கிறது.

வேறு ஏதேனும் சொல்ல வேண்டுமா என்று கேட்கப்பட்டதில் சொல்வதாவது. அன்று ஆம்புலன்ஸோடு வந்த தீயணைப்புக்காரர்கள் புகை போவதற்காக எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள். இன்று காலை சாவியை என்னிடம் திருப்பிக் கொடுக்கும் வரை எங்களை வீட்டுக்குள் விடவில்லை. இன்று காலை இந்த அலுவலகத்து வாசலில் என்னை உள்ளே அனுப்பும்போது, அடுத்த விசாரணைக்காக அங்கேயே உட்கார வைக்கப்பட்டிருந்த என் கணவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "கையெழுத்தப் போட்டுட்டு நேரா வீட்டுக்குப் போ. மழ வருது, அந்த ஜன்னலையாவது மூடு" என்றார். வீட்டுச் சாவி என் பையில்தான் இருக்கிறது. நான் பேசத் தொடங்கியதிலிருந்து மழை பெய்துகொண்டிருக்கிறது. நான் இன்று தேவாலயத்தில் தங்கப் போகிறேன். வீட்டுக்குப் போகவில்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வெர்னெல் பூத்