கம்மாக் காவக்காரர்

ஹலோ... ஹலோ! மதுரைங்களா? ராமலட்சுமி லேத்துப் பட்டறைங்களா?... ஆமா, ஆமா, மாரீஸ்வரனத்தேன் கேக்கேன். அவன் தாய்மாமன் கோட்டைச்சாமி பேசுறேன்னு சொல்லுங்க. பாளையம்பட்டி பூத்துல இருந்து... என்னது, சாப்பிடப் போயிட்டானா? அய்யா, கொஞ்சம் ஓடிப் போயி கூட்டியாங்கய்யா. ஊருக்கு பஸ் ஏறிருவான். அதுக்கு முன்ன பேசியாகணும்... இருக்கேன், இருக்கேன். வைக்க மாட்டேன்.

...

மாப்ள? மாமந்தேன்... ஒங்கம்மாவுக்கு ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தேன் இருக்கா. பதறாத... தந்தி வந்துச்சா?... யாரு குடுத்தது, எங்கூட எப்பவும் போட்டிக்கு நிப்பானே, அந்தச் சங்கரலிங்கமா? பாரு, அவனுக்கு எம்புட்டு அவசரம்னு. நீ என்ன சொல்லிவிட்ட?... வாரேன்னுட்டியா.

வராத.

கேக்குதா இல்லையா? வராதங்கேன்!... ஆமா, ஆமா, கம்மா நெறஞ்சுதேன் கெடக்கு. பதினோரு வருசத்துக்குப் பெறவு இப்பத்தேன் பெருகியிருக்கு... கரையில கசிவு எடுத்ததும் தெரியும். கீழத்தெரு சனம் பூராம் சட்டி பானையோட பள்ளிக்கூடத்துல கெடக்கு, எனக்குத் தெரியாதா? மடையத் தெறந்து தண்ணிய எறக்கலேன்னா கர தாங்காதுன்னு இஞ்சினீயரு சொல்லிட்டு ஜீப்புல ஏறிப் போயிட்டாரு. முங்குறதுக்கு ஆளு வேணும்ல? எல்லாப் பயலுக்கும் பயம். ஒங்க அப்பன், ஒங்க தாத்தன்னு தண்ணிக்குள்ள முங்கி மடையத் தெறந்தது ஒங்க குடும்பந்தேன். அதான் ஒன்னையக் கூப்பிடுறாக.

என்னது?... வேல்கம்பா? பட்டறையிலயே அடிச்சு வச்சிருக்கியா?... எத்தன அடி?... அடக் கோட்டிக்காரா! அத வச்சு யாரக் குத்தப் போற? ஒங்கப்பன எடுத்த காவக்காரரையா?

சும்மா பேச்சான்னா கேக்க? இல்ல, இல்ல. பாத்தவுக இருக்காக. இந்த வாட்டியும் பாத்திருக்காக. சுப்பம்மா மதினி துணி தொவைக்கயில பாத்திருக்கா. பனமரத்துத் தூரு மாதிரி மொத்தமா, கறுப்பா, கழுத்துல மட்டும் வெள்ளையா ஒரு பட்டை. "காவக்காரரு வந்துட்டாரு"ன்னு ஈரத்துணியப் போட்டுட்டு ஓடியாந்துட்டா. பெறவு பாலவனத்தத்துக்காரன் ஒருத்தன், கெட போட ஆடு பத்திட்டு வந்தவன். அவனுக்கு நம்மூருக் கதையெல்லாம் தெரியாது. அவனும் அந்த வெள்ளப் பட்டையத்தேன் சொல்றான். கரையில நின்னு பாம்புன்னு ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டேங்காக. காவக்காரரு, காவக்காரருதேன்...

குறுக்க பேசாத மாப்ள. நான் சொல்லி முடிச்சுக்கிறேன். பக்கத்துல யாரும் இருக்காகளா?... சரி.

அந்த வெள்ளப் பட்டை நான் சொன்னது.

நான் சொன்னதுன்னா... நானாச் சொன்னதுப்பா! வாய்க்கு வந்ததச் சொன்னேன். ஒங்கப்பன் செத்த அன்னைக்கு நான் ஒண்ணையும் பாக்கல. பாம்பும் பாக்கல, பல்லியும் பாக்கல.

...ஒனக்கு அப்ப ஒம்பது வயசு. நீ கரையில அம்மா இடுப்பப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற. ஒங்கப்பன், எங்க சோலை மச்சான், இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு மடைக்கல்லுல இருந்து முங்குறாரு. மறுமுனை ஏங்கையில. கயிறு பிடிக்கிறது மச்சினந்தேன், அதான நம்ம வழக்கம்? உள்ள அடைப்பை எடுத்ததும் கயித்த ரெண்டு சுண்டு சுண்டுவாரு. ஒடனே இழுத்துறணும். இல்லேன்னா அந்தத் தண்ணி ஆளத் தொளைக்குள்ள இழுத்துரும்... ஆமா, ஒனக்குத் தெரியும். தெரியும்னு தெரியும். சொல்ல விடு.

அடைப்பு தெறந்துருச்சுன்னு கரைக்கு அங்குட்டுக் கொலவை கேட்டுச்சு. மொதத் தண்ணிய செம்புல பிடிச்சு அய்யனாருக்குக் குடுக்கிறவுகளுக்குத்தேன் அந்த வருசம் கோயில்ல மொத மரியாத. திரும்பிப் பாக்கேன், சங்கரலிங்கம் செம்போட எறங்கிட்டான். எனக்குப் பொறுக்கல மாப்ள. கயித்த மடைக்கல்லுல ஒரு முடிச்சப் போட்டுட்டு... ஓடிட்டேன்.

ஆமா.

ஆமா, விட்டுட்டுத்தேன் ஓடுனேன். செம்ப நாந்தேன் மொதல்ல நெறச்சேன். எல்லாரும் கை தட்டுனாக. நான் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே கரையேறி வந்தா கயிறு வெறச்சுக் கெடக்கு. இழுத்தேன், இழுத்தேன், வரல. அவரு எத்தன சுண்டு சுண்டுனாரோ... அந்தக் கல்லுக்குத்தேன் தெரியும்.

ஹலோ?... இருக்கியா?... மூச்சு விடுறது கேக்குது. சரி. அப்பிடியே இரு.

மறுநா தண்ணி வடிஞ்ச பெறவு தூக்குனோம்ல. இடுப்புல வரிவரியா தடம். காவக்காரரு சுத்துன தடம்னு ஊருப் பெருசுக சொன்னாக. அது கயித்துத் தடம்ப்பா! எனக்குத் தெரியும். "நீ பாத்தியா"ன்னு கேட்டாக. ஆமான்னேன். "எப்பிடி இருந்துச்சு"ன்னாக. என்னத்தயாச்சும் சொல்லணும்ல? அந்த வெள்ளப் பட்டையச் சொன்னேன். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாக.

ஒங்கம்மா வருசா வருசம் காஞ்ச கம்மாயில போயி மடையடியில பால் ஊத்துறால்ல. "ஏம் புருசன எடுத்துக்கிட்டீரு, ஏம் பிள்ளைய விட்ரும்"னு அழுவா. பால் சொம்பத் தூக்கிட்டு நாந்தேன் கூடப் போவேன். பதினோரு வருசமும். எங்கூடப் பெறந்தவ மாப்ள. ஒரு வருசமாச்சும் வாயத் தெறந்தனா நானு?... திட்டு. நல்லாத் திட்டு. அதுக்குத்தேன் போன் போட்டேன்.

...அதத்தேன சொல்ல வாரேன்! ஒண்ணுமில்லாததக் குத்துறேன்னு வேல்கம்போட எறங்குவ. அடைப்பக் கவனிக்க மாட்ட. தண்ணி ஒன்னையும் இழுத்துரும். அதுக்குத்தேன் வராதங்கேன்.

...நானா? எறங்குறதுக்கென்ன, எனக்கு நீச்சத் தெரியாதா, முங்கத் தெரியாதா. நேத்து உச்சிப்பொழுதுல போனேன்ல. ஒருத்தருக்கும் சொல்லல. நெஞ்சளவு தண்ணியில நின்னேன். காத்தே இல்ல. அப்ப மடைக்கல்லுக்கிட்ட தண்ணி சுழிச்சுச்சு...

சிரிக்காத மாப்ள. ஒங்கப்பன் மேல சத்தியமாச் சொல்றேன்... சரி, அவரு மேல சத்தியம் பண்ண எனக்கு யோக்கியத கெடையாது. ஆனா பாத்தேன். கறுப்பா எந்திரிச்சது. கழுத்துல வெள்ளப் பட்டை. நான் சொன்னனே, அதே அகலம். அதே எடத்துல. என் வாயில இருந்து போனது தண்ணிக்குள்ள கெடந்து வளந்திருக்கு.

என்னயவே பாத்துச்சு. பெறவு தலைய முக்கி முக்கி எடுத்துச்சு. ரெண்டு தடவ.

ரெண்டே தடவ மாப்ள.

ராவெல்லாம் கரையவே சுத்திச் சுத்தி வந்தேன். கண்ண மூடுனா அது தலைய முக்கி எடுக்கிறது தெரியுது. ஊருக்குள்ள என்னமோ குடிச்சிருக்கான்னு பேசிக்கிறாக... இல்லப்பா, தொடல. அந்தோணியார் கோயிலுக்குக்கூடப் போயி நின்னேன், தாவீதுராஜ் வாத்தியாரு கூட்டிட்டுப் போனாரு. அங்ஙன முட்டி போட்டும் சொல்ல முடியல. ஒங்கிட்டத்தேன் மொதல்ல சொல்றேன்.

...ம்.

...என்ன சொன்ன? சத்தமாச் சொல்லு, லைன்ல கரகரங்குது... யாரு? நானா?

நான் எறங்கணும். கயித்த நீ பிடிப்பேங்கற.

...

ஆமா. ஆமா, மொறதான். மொறையில்லேன்னு நான் எங்க சொன்னேன்... கீழத்தெரு சனத்துக்கு வேற வழியில்லதான்... ம். வேல்கம்பு கொண்டாரலையா? நல்லது. அத அங்ஙனயே போட்டுரு... நாலு மணிக்கு அருப்புக்கோட்ட வண்டி இருக்கு, அதுல ஏறு. இங்கிட்டு திருச்சுழி வண்டி கெடைக்கும்... அம்மாகிட்டயா? இன்னைக்கே நானே சொல்லிர்றேன். நீ சொல்ல வேண்டாம். அவ மூஞ்சியப் பாத்து நாந்தேன் சொல்லணும்.

எறங்குறேன் மாப்ள. நாளைக்கு விடிஞ்சதும் எறங்குறேன். அது உள்ள இருந்தாலும் எறங்குறேன். பொழுது நல்லா வெளுக்கட்டும், அம்புட்டுத்தேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும்... இல்ல, வைக்காத. வைக்காதப்பா. நான் உள்ள இருந்து ரெண்டு சுண்டு சுண்டுனா...

இழுப்பேல்ல?

மாப்ள?... ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வையி... ஹலோ?... மாரீசுவரா... ஹலோ... ஹலோ...