வள்ளக்காரருக்கு ஒரு பக்கம்

பக்குரங்கா புறநகருக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். சேலை கட்டியிருந்த மூத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஈஸ்ட் டாமாக்கி கிடங்கின் வேலைச் சட்டையோடு இருந்த இளையவர் தமிழ்நாடு.

"இண்டைக்கு அமெரிக்கப் படையை ஆறு கடத்திப்போட்டன்," என்றார் மூத்தவர்.

"பிஎச்.டி. வைவா முடிஞ்சுதா அக்கா? என்ன கேட்டாங்க?"

"சுதந்திரப் போரில நியூயார்க்கில தோத்த படை, ஒரே இரவில வள்ளங்களில ஆத்தைக் கடந்து தப்பினது. எல்லாரும் தளபதியைத்தான் புகழுகினம். நான் வள்ளம் வலிச்ச மீனவரைப் பற்றி எழுதினன். அவையள் தளபதி சொன்னதைத்தானே செய்தவை எண்டு பேராசிரியர் கேட்டார்."

"நீங்க?"

"பன்னிரண்டு வயசில, எங்கட சண்டை நேரம், நானும் யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளாலிக் கடலை ஓர் இரவு அப்பிடித்தான் கடந்தனான் எண்டன். நேவிக்குக் கேக்கக் கூடாதெண்டு அம்மா தம்பியின்ட வாயைப் பொத்தியிருந்தா. அந்த இருட்டில வழி தெரிஞ்சது வள்ளம் ஓட்டினவருக்கு மட்டும்தான். எங்கட தளபதி அவர்தான் எண்டன்."

"அதுக்கு?"

"பேராசிரியர் எழும்பிக் கை தந்து, 'வாழ்த்துகள், டொக்டர்' எண்டார். ஆய்வேட்டில திருத்தம் ஒண்டும் இல்லை."

இளையவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓட்டினவரின்ட பேர் தெரியாது. ஆனா முதல் பக்கத்தில 'கிளாலி வள்ளக்காரருக்கு' எண்டு போட்டிருக்கிறன். இனி அது யுனிவர்சிட்டி லைப்ரரியில இருக்கும்."