பாதியில் விட்ட பேய்ப்படம்

அந்தக் கிழமை திருகோணமலையில் ஒரு பேய்ப்படம் ஓடிக்கொண்டிருந்தது. மூதூருக்குப் போகும் லாஞ்சுப் படகில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் துறைமுகத்தில் கப்பல்களுக்கு அடியில் முக்குளிக்கிறவர். அவரோடு அவருடைய மனைவியின் அண்ணனும் இருந்தார்.

"மச்சான், பேய் வந்தது திரையிலதானே? ஏன் என்ரை தங்கச்சியைத் தியேட்டரில விட்டிட்டு ஓடினனீங்கள்? கப்பலுக்குக் கீழ போற ஆள் நீங்கள்!"

"கீழ இருட்டு, ஒண்டும் தெரியாது. படத்தில எல்லாம் தெரியுது."

அண்ணன் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஓடினதுக்கு அவள் கோவிக்கேல்லை. அவள் பயந்து கத்தினபடியால்தான் பாதியில வந்தனாங்கள் எண்டு ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறீங்கள். அதுக்குத்தான் எங்கடை வீட்டுக்கு வந்திட்டாள்."

"ஓம், சொன்னனான்."

"நாலு பேருக்கு முன்னால உண்மையைச் சொன்னால்தான் உங்களோட வருவாளாம்."

"ஏலாது மச்சான்."

"அப்ப இதே லாஞ்சில திரும்பிப் போங்கோ."

முக்குளிக்கிறவர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, நான் பேய்ப்படத்துக்குப் பயந்து மனிசியை விட்டிட்டு ஓடினனான்."

நான் கடலைப் பார்த்தேன். அந்தப் படத்தில் எனக்கும் பாதிதான் தெரியும். பாதியில் எழுந்து வந்ததற்கு வீட்டில் தலையிடி என்று சொல்லியிருந்தேன்.