தப்பிய தாளம்

ஓட்டப்பிடாரம் பேருந்தில் என் முன்னிருக்கையில், கோயில் கொடைவிழாவுக்கு மேளம் அடிக்கப் போகும் இருவர் இருந்தார்கள். இளையவர் உரக்கச் சொன்னார்.

“அண்ணாச்சி, ஒங்களுக்குக் காது மந்தமாயிட்டுன்னு குழுவுல எல்லாருக்கும் தெரியும்.”

மூத்தவரின் முகம் இறுகியது. “எவம்ல சொன்னான்?”

“யாரும் சொல்லல. நீங்க தாளம் தப்புனா நாங்களும் சேந்து தப்புதோம். பாக்கவங்களுக்குத் தெரியாது.”

“எத்தன நாளா?”

“ரொம்ப நாளா. நம்மளப் பாத்துப் படிச்ச மத்த குழுக்காரனுவளும் இப்ப அப்படித்தான் அடிக்கானுவ. புது அடின்னு நெனச்சிட்டானுவ.”

மூத்தவர் சிரிக்கவில்லை. மடியிலிருந்த உறுமி மேளத்தை நகர்த்திவிட்டு இளையவர் பக்கம் திரும்பினார்.

“இன்னைக்கு நான் தப்புனா என்னய விட்ருங்க. நீங்க சரியா அடிங்க.”

இளையவர் ஏதோ முணுமுணுத்தார். மூத்தவர் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“சத்தமாச் சொல்லுலே. அடிப்பியா?”