அட்டைப்படம் எடுத்த இடம்

எந்தக் கேமரா நல்லது என்று யாராவது கேட்டால், எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். கடைக்காரர்கள் அதைக் கேட்பதில்லை. அலமாரியில் எது ரொம்ப நாளாகத் தூங்குகிறதோ அதைத் தலையில் கட்டிவிடுவார்கள். என்னைக் கேட்டிருந்தால் எங்கள் குடியிருப்பில் நாலு பேராவது உருப்படியாக ஒன்று வாங்கியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. இளையவள் மட்டும் கேட்டாள், அதுவும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு.

இளையவள் என்றால் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. நாங்கள் மூன்றாம் மாடி, அவர்கள் அதே கட்டடத்தில் முதல் மாடி. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தாளையும் பேனாவையும் கொடுத்து, "நடந்ததை உங்க கையாலயே எழுதுங்கம்மா, வளவளன்னு வேணாம்" என்றீர்கள். கேமராவைப் பற்றி எழுதாமல் இதை எழுத முடியாது மேடம். அதை விட்டுவிட்டால் நான் செய்தது உங்களுக்கு வேறு மாதிரி தெரிந்துவிடும்.

நான் முப்பத்தொரு வருஷம் தபால் பிரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எந்த வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் போகிறது, எந்த வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகையே போவதில்லை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். சூப்பர் ஜூம். அறுபது மடங்கு இழுக்கும். "இனிமே உறையைப் பிரிக்காமலே பாக்கலாம்" என்று எங்கள் மேலதிகாரி சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் உறையைப் பிரித்தவள் இல்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள், அவ்வளவுதான்.

அந்தக் கேமரா வந்த பிறகு என் பால்கனியே ஓர் உலகமாகிவிட்டது. எங்கள் குடியிருப்பிலேயே எதிர்க் கட்டடத்து உடற்பயிற்சி ஆசிரியர், சர்க்கரையே தொடுவதில்லை என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவர், பால்கனியில் வீட்டாருக்கு முதுகைக் காட்டி நின்று கேக் தின்பார். கேக்கின் மேல் இருந்த செர்ரிப் பழத்தைக்கூட நான் எண்ணியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் இதை எட்டிப் பார்ப்பது என்பார். பார்ப்பதற்குத்தானே கேமரா.

அடுத்த வருஷம் இளையவள் ஒன்று வாங்கினாள். மிரர்லெஸ். அந்த வகையிலேயே ஆரம்பக்கட்டம், இருப்பதிலேயே சாதாரணமானது. கூடவே வந்த லென்ஸ் ஒன்றுதான் அவளிடம் இருந்தது. அது மூன்று மடங்குகூட இழுக்காது. எதிர்க் கட்டடத்தைப் படம் எடுத்தால் கட்டடம் தெரியும், கேக் தெரியாது. "இதுக்கா இவ்வளவு கொடுத்த? தூரத்துல இருக்கறது எதுவும் வராதே" என்றேன்.

"தூரமா இருந்தா கிட்ட போயிட்டா ஆச்சு அக்கா" என்றாள்.

நான் இதை இப்போது சேர்த்துச் சொல்லவில்லை. அவள் சொன்னது அதுதான்.

விஷயம் எங்கே என்றால், கேமராவுக்குள் வெளிச்சம் வந்து விழும் சில்லில். சென்சார் என்பார்கள். என் கேமராவில் அது சுண்டுவிரல் நகத்தில் பாதி. அவளுடையதில் ஒரு தபால்தலை அளவு. பெரிய சில்லு நிறைய வெளிச்சத்தை வாங்கும். மேகமூட்டமாக இருந்தாலும் முகம் முகமாக வரும், பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெய் மாதிரி இளகிப்போகும். என்னுடையதில் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் போதும், முடியெல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்த மாதிரி ஆகிவிடும். இதை நான் மறைத்ததே இல்லை. ஆனால் நிலாவில் இருக்கும் பள்ளத்தை அவளால் எடுக்க முடியுமா என்று கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை.

எங்கள் குடியிருப்புச் சங்கம் வருஷா வருஷம் ஒரு நாள்காட்டி போடும். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு படம், அட்டைக்கு ஒன்று. எல்லாம் குடியிருப்பவர்களே எடுத்ததாக இருக்க வேண்டும். சங்கச் செயலாளரை நாங்கள் சுற்றறிக்கை என்று கூப்பிடுவோம். லிஃப்டில் யாராவது தும்மினாலும் மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுகிற மனிதர். போன வருஷம் நான் அவருக்கு நாற்பத்தாறு படம் கொடுத்தேன். ஒன்று வந்தது. அதுவும் கடைசி மாதத்தின் மூலையில், பொத்தான் அளவில். இளையவளின் படம் ஆறு மாதத்துக்கு வந்தது. அவள் கொடுத்ததே ஒன்பதுதான்.

ஏன் என்று கேட்கப் போனேன். "பெருசு பண்ணினா உங்க படம் தண்ணியில ஊறினாப்ல வருதும்மா. உங்க மேல தப்பில்ல, சாதனம் அப்படி" என்றார் சுற்றறிக்கை. சாதனமாம். அந்தக் குடியிருப்பில் முதல் கேமரா என்னுடையது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், மூச்சை எப்போது பிடிக்க வேண்டும் என்று இளையவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். ஒரு வருஷம் முழுக்க ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அவள் பெயர் தொங்கியது. பால் வாங்கப் போனால்கூட, "உங்க ஓரகத்திக்கு என்ன கைங்க" என்பார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று.

இந்த வருஷம் ராஜாளி வந்தது. எங்கள் குடியிருப்புக்கு எதிரே, தெருவையும் காலி மனையையும் தாண்டி, கட்டி முடிக்காமல் விட்ட ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் ஆறாம் மாடியில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் சிலாபுக்குப் பக்கத்துச் சுவர்ப்பொந்தில் கூடு வைத்தது. முதலில் பார்த்தது நான்தான். பிறகு குஞ்சுகள் பொரிந்து, வெள்ளைப் பஞ்சாக மூன்று தலை தெரிந்தது. அதையும் முதலில் பார்த்தது நான்தான். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டேன்.

சுற்றறிக்கை உடனே எழுதினார்: "பறவையா, பஞ்சு மூட்டையா? தெளிவாக எடுப்பவர் படம் அடுத்த ஆண்டு அட்டைக்கு." முப்பத்தெட்டு பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள். இளையவள் போடவில்லை. அவள் மேலே ஏறி வந்து என் தோளைத் தொட்டு, "விடுங்கக்கா. உங்க கண்ணு பிரமாதம், கேமராதான் சுமார்" என்றாள். ஆறுதல் சொன்னாளாம். அந்தக் கையைத் தட்டிவிடாமல் இருந்ததற்கே எனக்கு ஒரு பதக்கம் தரலாம்.

நான் எடுத்தது குழுவில் போட்ட அந்த ஒரு படம் மட்டும் இல்லை. வெயில் நன்றாக விழுந்த காலை வேளைகளில் அறுபதுக்கும் மேல் எடுத்திருந்தேன். வெயில் இருந்தால் என் கேமரா யாருக்கும் சளைத்ததில்லை. நான் மூன்றாம் மாடி, சிலாபு ஆறாம் மாடி, அதனால் எனக்கு அதன் அடிப்பக்கம் தெரியும். மேலே நடப்பவர்களுக்கு அது தெரியாது, மேலே வழவழவென்று சிமெண்டு பூசியிருக்கிறது. அடியில் சிமெண்டு பெயர்ந்து, கம்பி துருவேறி வளைந்து, வலது ஓரத்தில் கறுப்பாக ஒரு விரிசல் சுவர்வரைக்கும் ஓடுகிறது. விரிசலுக்குள் ஒரு புல் முளைத்திருந்தது. நூற்றெண்பது மீட்டர் தூரத்திலிருந்து அந்தப் புல்லின் இரண்டு இலையையும் தனித்தனியாக எடுத்திருக்கிறேன். உங்கள் கணினியில் பார்த்திருப்பீர்கள். படத்தின் தேதி, சம்பவத்துக்கு இருபத்தொரு நாள் முன்பு.

இளையவள் சனிக்கிழமை என்னிடம் கேட்டாள். "அக்கா, நீங்கதான் தினமும் அந்தக் கட்டடத்தப் பாக்கறீங்க. அந்த சிலாபு மேல நின்னா தாங்குமா? அங்கேருந்து எடுத்தாத்தான் கூட்டுக்குள்ள தெரியும்போல."

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் என் கேமராவில் இருந்தது. கேமரா என் மடியில் இருந்தது. காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அவள் போகமாட்டாள். பிறகு குழுவில் எல்லோரும், பெரியவளுக்கு வயிற்றெரிச்சல், பயமுறுத்தித் தடுத்துவிட்டாள் என்பார்கள். நான் அந்த மாதிரி ஆள் இல்லை. அதனால், "நல்லா தாங்கும்" என்றேன்.

"நிச்சயமாவாக்கா?"

"கொத்தனாருங்க மூட்டை மூட்டையா அடுக்கி வெச்ச இடம்மா அது. நீ என்ன மூட்டையா?"

சிரித்தாள். கூடவே இதையும் சொன்னேன்: ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குப் போ, அப்போதுதான் வெயில் பொந்துக்குள் நேராக விழும், தாய்ப்பறவை இரையோடு வரும் நேரமும் அதுதான். அந்த நேரத்தை நான் பன்னிரண்டு நாள் குறித்து வைத்திருந்தேன். இதை மறந்துவிடாமல் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் போனில் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டு பால்கனி ஸ்டூலில் வைத்துவிட்டு, கேமராவை முக்காலித் தாங்கியில் பூட்டினேன். அவள் ஆறாம் மாடிக்கு வந்துசேர்ந்தபோது மூச்சு வாங்குவது கேட்டது. அறுபது மடங்கில் அவள் முகம் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நெற்றியில் சிலந்தி வலை ஒட்டியிருந்தது.

"அக்கா, தூண் மறைக்குது. பாதிக் கூடுதான் வருது."

"இன்னும் முன்னாடி வா."

"விளிம்பு வந்துருச்சேக்கா."

"உன் லென்ஸ் அவ்வளவுதான் இழுக்கும். கிட்ட போனாத்தான் ஆகும்னு நீதானே சொன்ன?"

"அய்யோ, சொன்னத ஞாபகம் வெச்சு அடிக்கறதுல உங்கள மிஞ்ச ஆளில்ல." சிரித்தபடியே ஓரடி வைத்தாள். "நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்கங்கற தைரியத்துலதான் நிக்கிறேன்."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வலது பக்கம் ஓரடி தள்ளு. இன்னும் கொஞ்சம். அங்கேயே நில்லு."

தாய்ப்பறவை வந்தது. அவள் கேமராவின் சத்தம் போனில் கேட்டது, டிக் டிக்கென்று ஏழெட்டு முறை. அந்தச் சமயத்தில் புல் இருந்த விரிசல் அகலமாவதை நான் பார்த்தேன். சொல்ல நேரம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. "பின்னாடி வா" என்று இரண்டு வார்த்தை. ஆனால் பறவை அப்போதுதான் சிறகை விரித்திருந்தது, அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. "கெடச்சுருச்சு அக்கா" என்றாள். அப்புறம் போனில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. என் விரல் பொத்தானை அழுத்தியபடியே இருந்திருக்கிறது. பதினோரு படம். நான் எண்ணி அழுத்தவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. விபத்து என்று எழுதி மூடினீர்கள். ஆபத்தான கட்டடத்துக்குள் அனுமதியில்லாமல் போகக் கூடாது என்று சுற்றறிக்கை ஒரு தாள் ஒட்டினார். கொழுந்தன் ஒரு மாதம் வேலைக்குப் போகவில்லை. அவர்கள் மகளுக்கு ஏழு வயது. தினமும் என் வீட்டில்தான் சாப்பிடுகிறாள், நான்தான் சடை பின்னி அனுப்புகிறேன். அந்தக் குழந்தைக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. "நீ இல்லன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்" என்று என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாக வந்து சொல்லியிருக்காவிட்டால் இன்னும் நூறு வருஷம் ஆனாலும் சந்தேகப்படமாட்டார்கள். நேற்று இங்கே வந்து சொன்னபோது நீங்களே நம்பவில்லை. துக்கத்தில் உளறுகிறேன் என்று தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தீர்கள். அதனால்தான் மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்தேன்.

ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். மனசாட்சியா என்றும் கேட்டீர்கள். என் மனசாட்சிக்கு ஒன்றும் இல்லை, நான் அவளைத் தொடக்கூட இல்லை. அவள் கேமரா உடைந்து சிதறினாலும் உள்ளே இருந்த கார்டு பிழைத்துக்கொண்டது. கொழுந்தன் அதைக் கணினியில் போட்டுப் பார்த்திருக்கிறார். கடைசிப் படம் அபாரம். தாய் சிறகை விரித்திருக்கிறது. மூன்று குஞ்சும் வாயைத் திறந்திருக்கின்றன. ஒரு குஞ்சின் கண்ணில் சூரியன் புள்ளியாகத் தெரிகிறது. பின்னால் ஊரே வெண்ணெயாக இளகிக் கிடக்கிறது. வியாழக்கிழமை சுற்றறிக்கை அதைக் குழுவில் போட்டு, இதுதான் அட்டைப்படம் என்று அறிவித்தார். கீழே அவள் பெயர். குடியிருப்பே அழுதது. அவள் பார்வையே தனி என்று எழுதினார்கள். எங்கே நின்றால் இப்படி வரும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று உடற்பயிற்சி ஆசிரியர்கூட வியந்திருக்கிறார்.

அவளுக்கு எப்படித் தெரியும் மேடம்? தூணுக்குப் பின்னால் அல்லவா நின்றுகொண்டிருந்தாள். முன்னால் வரச் சொன்னது நான். வலது பக்கம் ஓரடி தள்ளச் சொன்னது நான். நாளும் நேரமும் வெயிலும் நான் சொன்னது. அந்தச் சிலாபு தாங்காது என்று தெரிந்தேதான் அவளை அங்கே நிற்க வைத்தேன், அதையும் எழுதிவிட்டேன், கையெழுத்தும் போடுகிறேன். பொத்தானை அழுத்தினது மட்டும்தான் அவள்.

நாள்காட்டி திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் இந்த வாக்குமூலத்தின் ஒரு பிரதி சங்கச் செயலாளருக்குக் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். என் பெயர் முதலில் வர வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை.